இடாப்பில் ஒரே குறி: நோயுள்ள பிள்ளையும் 80 சதவீத வரவும்

இது ஒரு பிள்ளையின் வரவின்மை பற்றிய நிகழ்வு ஆய்வு. நிகழ்வு யாழ்ப்பாண மாவட்டத்தில், வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் நடந்தது. பிள்ளை தரம் 7 மாணவன். தாயும் பிள்ளையும் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர், பாடசாலை எதையும் எழுதவில்லை. நான் அங்கே வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை.

விடயம் என் மேசைக்கு வந்தபோது அதன் தலைப்பு "தொடர் வரவின்மை". வகுப்பாசிரியரின் குறிப்பில் மூன்று விடயங்கள் இருந்தன. வரவு 80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. தாயைக் கூப்பிட்டால் சொன்ன நாளில் வருவதில்லை. வந்த நாட்களிலும் பிள்ளையின் கொப்பிகள் வெறுமையாக இருக்கின்றன. மூன்றும் உண்மை. வகுப்பாசிரியர் கடுமையானவரும் இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற வகுப்பில் யார் வரவில்லை என்று நாள் தவறாமல் பார்க்கிற மனிதர். அவர் கையில் இருந்த கருவி வரவு இடாப்பு மட்டும்தான். இடாப்பு சொன்னதை அவர் எழுதினார்.

நோயைப் பற்றி முதலில்

பிள்ளைக்கு நெஃப்ரோடிக் சின்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதத்தைச் சலத்தோடு வெளியே விட்டுவிடும். இரத்தத்தில் புரதம் குறைய, உடம்பில் நீர் தேங்கும். காலையில் எழும்பும்போது கண்மடல் வீங்கியிருக்கும், பின்னேரம் கால் வீங்கும், கூடிப்போனால் வயிறும் வீங்கும். இது தொற்றுநோய் இல்லை. அனேகமாக 2 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்துக்குப் பெரும்பாலான பிள்ளைகளின் நோய் அடங்கிவிடும். ஆனால் அப்படி அடங்கியவர்களிலும் அதிகமானோருக்குத் திரும்பத் திரும்ப வரும். வளர வளரப் பலரை விட்டுப்போய்விடும். அதுவரைக்கும் குடும்பம் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்க வேண்டும்.

பாடசாலையில் இருப்பவர்களுக்குப் புரியாத இடம் இதுதான். இது படுக்கையில் கிடக்கிற நோய் இல்லை. அடங்கியிருக்கும் நாட்களில் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல ஓடும், விளையாடும். டொக்டர்மாரும் பாடசாலைக்கு அனுப்பச் சொல்லித்தான் தாய்மாரிடம் சொல்வார்கள். திங்கட்கிழமை பந்து அடித்த பிள்ளை வியாழக்கிழமை முகம் வீங்கி வீட்டில் நிற்கும். "போன கிழமை நல்லாத்தானே நிண்டவன்" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர் கண்டது சரிதான். அந்த நோயே அப்படித்தான் வந்து போகும்.

நோய் திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரு சாதாரண தடிமன் போதும். திரும்பினால் மருந்தின் அளவைக் கூட்டித் தினமும் கொடுப்பார்கள். சலம் மூன்று நாள் தொடர்ந்து தெளிந்த பிறகு அளவைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாளாகச் சில வாரங்களுக்குக் கொடுப்பார்கள். கூடிய அளவு மருந்து எடுக்கும் நாட்களில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். கொப்பளிப்பான் வந்த பிள்ளையோடு பழகியிருந்தால் உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு வயிற்றுக்குத்து வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். இந்த மருந்தால் முகம் உருண்டு பருக்கும், கோபம் வரும், அடங்காத பசி எடுக்கும்.

அந்தப் பசியும் வகுப்பில் ஒரு குற்றமாகிவிட்டது. காலைச் சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு இரண்டாம் பாடவேளையிலேயே பசிக்கும். இடைவேளைக்கு முன் சாப்பிடக் கூடாது என்பது பொது ஒழுங்கு. மேசைக்குக் கீழே மறைத்து ரொட்டியைக் கிள்ளித் தின்றதற்காக இரண்டு முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள்.

தாயின் கொப்பி

நான் வீட்டுக்குப் போனேன். தகப்பன் மேசன் வேலைக்குக் கொழும்பில் நிற்கிறார், மாதம் ஒருமுறை வருவார். தாய் சுன்னாகப் பக்கத்துத் தோட்டங்களில் வெங்காய வேலைக்குப் போகிறவர், நாள் கூலி. ஒரு தங்கச்சி, ஒரு அம்மம்மா. செம்மண் ஒட்டிய காலோடு வந்து என்னை இருக்கச் சொன்ன அந்தத் தாய், நான் கேட்காமலே அலுமாரியிலிருந்து மூன்று கொப்பிகளை எடுத்து வைத்தார். ஒன்று யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக் கொப்பி. மற்ற இரண்டும் அவர் எழுதியவை.

விடியற்காலையில் பிள்ளை எழும்பியதும் முதல் சலத்தை ஒரு போத்தலில் பிடிப்பார். கண்ணாடிக் குழாயில் முக்கால்வாசி ஊற்றி, மேல்பக்கத்தை மட்டும் அடுப்பு நெருப்பில் காட்டிச் சூடாக்குவார். அப்புறம் இரண்டு துளி வினாகிரி விட்டு, குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் "இல்லை" என்று எழுதுவார். கலங்கினால் ஒரு சக (+), இன்னும் வெள்ளையானால் இரண்டு சக. பால் திரைந்ததுபோலக் கட்டியாகிவிட்டால் மூன்று சக. மூன்று நாள் தொடர்ந்து மூன்று சக வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள்.

தேதி, முடிவு, எத்தனை மாத்திரை, உடம்பு நிறை, முகவீக்கம் உண்டா இல்லையா. நாள் தவறாமல் எழுதியிருந்தார். தைப்பொங்கலன்றும் எழுதியிருந்தார், தன் தாய்மாமன் செத்தவீட்டன்றும் எழுதியிருந்தார். வீக்கம் உள்ள நாட்களில் பிள்ளைக்கு உப்பில்லாமல் தனிச் சட்டியில் சமையல். கருவாடு, ஊறுகாய், மிக்சர் வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. தங்கச்சிக்கும் இல்லை, ஏனென்றால் ஒரு பிள்ளை தின்ன மற்றப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் என்று தாய் சொன்னார்.

இந்தப் பெண்ணைத்தான் நாங்கள் "ஒத்துழைப்பு இல்லாத பெற்றோர்" என்று கோவையில் எழுதி வைத்திருந்தோம்.

அவர் ஏன் கூப்பிட்ட நாளில் வரவில்லை? கிளினிக் நாளில் கூலி போகும். மருந்து கூட்டிக் குறைக்கும் காலத்தில் கிளினிக் அடிக்கடி வரும். அதற்கு மேல் பாடசாலைக்கும் ஒருநாள் என்றால் இன்னொரு கூலியும் போகும். மாதச் சம்பளக்காரருக்கு லீவு என்று ஒன்று உண்டு. தோட்டக் கூலிக்கு அப்படி ஒன்றும் இல்லை. தாய் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ரீச்சர், ஆஸ்பத்திரித் துண்டு ஒவ்வொரு முறையும் குடுத்தனான். பேந்தும் நேரில வந்து கையெழுத்து வையுங்கோ எண்டு சொல்லினம். நான் எத்தினை நாளைக்கெண்டு வேலைய விடுறது?"

நாட்களைப் பிரித்துப் பார்த்தோம்

இந்த ஆய்வின் முக்கிய வேலை இதுதான். வரவு இடாப்பு, கிளினிக் கொப்பி, தாயின் கொப்பி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளை வராத ஒவ்வொரு நாளுக்கும் காரணத்தைத் தேடினோம். நானும் தாயும் உட்கார்ந்து பார்த்தோம். சில நாட்களுக்குப் பிள்ளைதான் காரணம் சொன்னான்.

வாட்டில் நின்ற நாட்கள் முதலில் வந்தன. நோய் திரும்பி வீக்கத்தோடு வீட்டில் நின்ற நாட்கள் அடுத்தது. இவை இரண்டும் நோயின் நாட்கள், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. நான் நினைத்திருந்தது கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகையாக இருக்கும் என்று. கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் பாதிகூட வரவில்லை.

மூன்றாவது, கிளினிக் நாட்கள். விடியக் காங்கேசன்துறை வீதியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, காத்திருந்து, டொக்டரைப் பார்த்து, மருந்துக்கு வரிசையில் நின்று வெளியே வர மத்தியானம் ஆகும். சில நாட்களில் பத்து மணிக்கே முடிந்திருக்கிறது. அந்த நாட்களில் பிள்ளை ஏன் மிச்ச நேரத்துக்காவது வரவில்லை? பாடசாலை தொடங்குவது 7.30க்கு. பிந்தி வந்தால் வாசலில் நிறுத்தி வைப்பார்கள். எட்டு மணிக்குப் பிறகு வந்தால் இடாப்பில் "வரவில்லை" என்றே விழும். அன்றைக்கு வந்தாலும் வராத கணக்குத்தான் என்றால் எந்தத் தாய் அனுப்புவார்?

நான்காவது வகையைப் பிள்ளைதான் சொன்னான். முகம் பருத்திருந்த நாட்கள். "கன்னம் ஊதிப்போச்சு எண்டு சிரிக்கிறாங்கள் ரீச்சர்." இந்த நாட்களில் சலம் தெளிவாக இருந்தது, டொக்டரும் தடை சொல்லவில்லை. பிள்ளை காலையில் வயிற்றுக்குத்து என்று சொல்லியிருக்கிறான். அந்த நோயில் வயிற்றுக்குத்து என்றால் எந்தத் தாயும் பதறுவார்.

ஐந்தாவதுதான் என்னை உலுக்கியது. முந்தைய நாட்கள் வராததால் அடுத்த நாளும் வராத நாட்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை. "வந்தால் கொப்பி எங்க எண்டு கேப்பினம். எட்டுப் பேரும் கேப்பினம்." ஒரு கிழமை வாட்டில் நின்று வந்த பிள்ளை முதல் நாளே எட்டு முறை எழும்பி நின்று ஒரே பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாக் கொப்பியையும் நிரப்பிவிட்டுத்தான் போவேன் என்று வீட்டில் இன்னும் இரண்டு நாள் நிற்பான். நிரப்ப முடியாது, ஏனென்றால் பாடம் விளங்கவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு நாள் பாடம் சேர்ந்துவிடும்.

ஆக, அந்தப் பிள்ளையின் வரவின்மையில் பெரிய பங்கு நோயால் வந்ததே இல்லை. வரவை உயர்த்துவதற்கென்று நாங்கள் வைத்திருந்த ஒழுங்குகளால் வந்தது. இடாப்பில் ஐந்து வகைக்கும் ஒரே குறி.

கேடயம்

இன்னொரு விடயத்தை விட்டுவிட்டால் இந்த ஆய்வு அரைகுறை. அந்தப் பாடசாலையில் வகுப்புகளுக்கிடையே மாதாந்த வரவுப் போட்டி இருந்தது. கூடிய வரவு உள்ள வகுப்புக்குக் காலைப் பிரார்த்தனையில் பெயர் வாசித்துக் கேடயம் கொடுப்பார்கள். ஆண்டு முழுதும் ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் தனிப் பரிசு. நல்ல எண்ணத்தோடு தொடங்கியதுதான்.

எங்கள் பிள்ளையின் வகுப்புக்கு அந்தக் கேடயம் கிடைக்கவே இல்லை. ஏன் என்று வகுப்புக்குத் தெரியும். யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் மாத முடிவில் அவனைப் பார்க்கிற பார்வை போதும்.

மறுபக்கம் இன்னும் மோசம். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் தடிமனும் காய்ச்சலும் வகுப்புகளில் சுற்றும். யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவதும் அந்த மாதங்களை ஒட்டித்தான். வரவுக் கணக்குக்குப் பயந்து பிள்ளைக்குக் காலையில் ஒரு பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பத்து மணிவரைக்கும் பிள்ளை தெளிவாக இருக்கும். இடைவேளைக்குப் பிறகு மேசையில் தலையைப் போட்டுவிடும். அலுவலக அறை வாங்கில் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் எடுப்போம். அந்த மூன்று மணிநேரமும் அது பக்கத்துப் பிள்ளையின் முகத்துக்கு நேரே இருமிக்கொண்டிருந்திருக்கும். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கே ஓய்வும் நீராகாரமும் வேண்டிய நேரம், மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிய நேரம்.

அந்த வகுப்பில் தடிமன் சுற்றிய ஒரு கிழமைக்குப் பிறகு எங்கள் பிள்ளைக்குத் தடிமன் வந்தது. அதற்கடுத்த கிழமை தாயின் கொப்பியில் மூன்று சக, மூன்று சக, மூன்று சக. எந்தப் பிள்ளையிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பஸ்ஸிலும் வந்திருக்கலாம், தங்கச்சியிடமிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் நோயோடு வருகிற பிள்ளையைப் பாராட்டுகிற ஒரு வகுப்பறைக்கு, தடிமனால் வாட்டுக்குப் போகக்கூடிய பிள்ளையை அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அனுப்பாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதமும் போட்டோம்.

இந்த விதி எங்கிருந்து வந்தது

வரவு ஒழுங்கை நான் இழிவாக நினைக்கவில்லை. 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் வந்த ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதைக் கட்டாயமாக்கின. 2016இல் அது 16 வயது வரை நீண்டது. கடையில் கோப்பை கழுவ விடப்பட்ட பிள்ளையையும், தம்பியைப் பார்க்க வீட்டில் மறிக்கப்பட்ட அக்காவையும் கண்டுபிடிக்க ஆசிரியருக்கு இருக்கிற முதல் வழி இடாப்புத்தான். அதைக் கைவிடச் சொல்கிறவர் பிள்ளைகளுக்கு நன்மை செய்யவில்லை.

யாழ்ப்பாணத்தில் வரவுக்கு வேறொரு கனமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனது. போன இடத்தில் மரத்தடியிலும் கொட்டிலிலும் வகுப்பு நடந்தது. ஒரு கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலை, பின்னேரம் இன்னொரு பாடசாலை. ஷெல் விழுந்த காலத்திலும் வந்த பிள்ளைகளைப் படிப்பித்த ஆசிரியர்கள் இன்றைக்கு அதிபர்களாக இருக்கிறார்கள். "அந்தக் காலத்திலயே வந்தம்" என்று அவர்கள் சொல்லும்போது அதற்குள் பெரிய பெருமை இருக்கிறது. அது நியாயமான பெருமை. அன்றைக்குப் பிள்ளையை மறித்தது வெளியே இருந்த ஆபத்து, அதைத் தாண்டி வருவது வீரம். இந்தப் பிள்ளையை மறிப்பது அவன் சிறுநீரகம். அதை வீரத்தால் தாண்ட முடியாது.

80 என்ற எண் வந்த பாதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் விண்ணப்பிக்க 80 சதவீத வரவு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நிபந்தனை. பாடசாலையை விட்டுவிட்டு முழுநேரமும் ரியூசனில் இருக்கிற பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுவர அப்படி ஒரு பிடி தேவைப்பட்டது என்பது எங்கள் ஊர் ஆசிரியர்களுக்கு விளங்கும். எங்கள் பாடசாலையில் அந்த எண் மெல்ல மெல்லக் கீழ் வகுப்புகளுக்கும் இறங்கியது. விளையாட்டு அணிக்கு 80, மாணவத் தலைவருக்கு 80, பரிசுக்கு 80, அதற்குக் கீழே போனால் பெற்றோருக்குக் கடிதம். சுகமாக இருந்துகொண்டு ரியூசனுக்குப் போகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் செய்த அளவுகோலைப் பன்னிரண்டு வயது நோயாளிப் பிள்ளைக்கு வைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தோடு, இந்த நாட்டில் வரவு ஒழுங்கு ஒருபோதும் வளையாதது இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம் நடத்தினோம். 2022இல் எரிபொருள் இல்லாதபோது பாடசாலை நாட்களைக் குறைத்தார்கள், வீட்டிலிருந்து படிக்கச் சொன்னார்கள். பெற்றோல் இல்லை என்றால் வீட்டில் இருந்து படிப்பதும் படிப்புத்தான் என்று ஏற்றுக்கொண்டோம். புரதம் இல்லை என்று ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை.

செய்த மாற்றங்கள்

அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியர், தாய், நான், ஐந்து பேரும் இருந்து பேசினோம். கூட்டத்தைப் பாடசாலை முடிந்த பிறகு, தாயின் வேலை முடியும் நேரத்தில் வைத்தோம். அதிபர் பிரித்துப் பார்த்த தாளைக் கையில் எடுத்து நீண்ட நேரம் பார்த்தார். கடிதம் அனுப்புவதை அன்றைக்கே நிறுத்தினார்.

முதலில் மாறியது அரைநாள் வரவு. கிளினிக்கில் இருந்து பத்து மணிக்கு வந்தாலும் வாசலில் மறிப்பதில்லை, அந்த நாள் வந்த நாளாகவே எழுதப்படும். உடம்பு ஏலாவிட்டால் இடைவேளையோடு வீட்டுக்குப் போகலாம், அதுவும் வந்த நாள்தான். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. பலன் மற்ற எல்லாவற்றையும்விட விரைவாகத் தெரிந்தது.

அடுத்தது சான்று. ஒவ்வொரு முறையும் தனி மருத்துவச் சான்றிதழும் தாயின் கையொப்பமும் கேட்பதை விட்டோம். கிளினிக் கொப்பியில் தேதி முத்திரை விழுந்த பக்கத்தைப் பிள்ளை கொண்டுவந்து காட்டினால் போதும். வீட்டில் நின்ற நாளென்றால் தாய் தன் கொப்பியின் அன்றைய வரியைப் போனில் படம் எடுத்து வகுப்பாசிரியருக்கு அனுப்புவார். வரவு இடாப்பில் நாங்களாகக் குறிகளை மாற்ற முடியாது. ஆகவே அதன் பக்கத்தில் ஒரு தனிக் கொப்பி திறந்து காரணத்தை எழுதத் தொடங்கினோம்.

திரும்பி வரும் நாளைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். வாட்டில் இருந்தோ வீட்டில் இருந்தோ வரும் பிள்ளையிடம் முதல் இரண்டு நாள் எந்த ஆசிரியரும் கொப்பி கேட்பதில்லை என்று முடிவானது. விட்ட பாடம் முழுவதையும் எழுதச் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு பாட ஆசிரியரும் "இது தெரியாவிட்டால் அடுத்தது விளங்காது" என்ற பகுதியை மட்டும் குறித்துக் கொடுப்பார்கள். சமூகக்கல்விப் பாடங்களில் அது அரைப் பக்கத்தில் முடிந்தது. கணிதத்தில் முடியவில்லை. மறை எண்களை விட்ட பிள்ளைக்குச் சமன்பாடு தொடங்கினால் ஒவ்வொரு வரியிலும் தடக்கும். அதற்குக் கணித ஆசிரியை சனிக்கிழமை காலையில் ஒரு மணிநேரம் ஒதுக்கினார், காசு வாங்கவில்லை.

வகுப்புக்கு என்ன சொல்வது என்று பிள்ளையிடமே கேட்டோம். பிரார்த்தனையில் சொல்லக் கூடாது என்றான். தன் வகுப்புக்கு மட்டும், தான் வகுப்பில் இல்லாத ஒரு நாளில், சிறுநீரகத்தில் ஒரு நோய், ஒட்டாது, மருந்தால்தான் முகம் பருக்கிறது என்று சொல்லச் சொன்னான். அப்படியே வகுப்பாசிரியர் சொன்னார். இரண்டாம் பாடவேளையில் சாப்பிட அனுமதியும் கேட்டான். கொடுத்தோம். வகுப்பில் யாருக்காவது கொப்பளிப்பானோ கடும் தடிமனோ வந்தால் வகுப்பாசிரியர் தாய்க்குப் போன் எடுப்பது என்றும் ஒழுங்கானது.

கேடயத்தில்தான் இழுபறி. வேண்டாம் என்று நான் சொன்னேன். வரவு விழுந்துவிடும் என்று பகுதித் தலைவர் சொன்னார். கடைசியில் நோய்க்காக விட்ட நாட்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுக் கேடயம் கொடுப்பது என்று சமரசமானது. ஆண்டு முழுதும் ஒரு நாளும் தவறாத பிள்ளைக்கான பரிசு மட்டும் நின்றுவிட்டது. காய்ச்சல் உள்ள பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று எல்லாப் பெற்றோருக்கும் ஒரு கடிதம் போனது. என் விருப்பம் இப்போதும் கேடயமே வேண்டாம் என்பதுதான். சுகமாக இருப்பது பிள்ளையின் சாதனை இல்லை, அதற்குப் பரிசு கொடுத்தால் சுகமில்லாத பிள்ளைக்கு நாங்கள் சொல்வது என்ன?

எதிர்ப்புகள்

ஆசிரியர் அறையில் மூன்று நான்கு பேர் கேட்டது ஒன்றுதான்: இதைப் பார்த்து எல்லோரும் நோய் என்று நிற்கத் தொடங்கினால்? கேட்க வேண்டிய கேள்வி. பொய்க் கடிதம் எழுதுகிற பெற்றோரை எங்களுக்குத் தெரியும். ஆனால் பொய்க் கடிதம் எழுதுகிறவரால் விடியற்காலையில் குழாயைச் சூடாக்கி ஒவ்வொரு நாளும் எழுதி வைக்க முடியாது. நீண்டகால நோய்க்குக் கிளினிக் கொப்பி என்று ஒன்று இருக்கிறது, அதில் தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. அது உள்ள பிள்ளைகள் ஒரு பாடசாலையில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆஸ்துமா, முதலாம் வகை நீரிழிவு, தலசீமியா, வலிப்பு, இருதய நோய். அவர்களுக்கு மட்டும் ஒரு வழி திறப்பதால் இடாப்பு உடைந்துவிடாது.

இன்னொருவர் கேட்டது கனமான கேள்வி. தாய் பயத்தில் தேவையில்லாமல் மறித்து வைத்தால்? உண்மையில் அப்படியும் சில நாட்கள் இருந்தன. மழை பெய்தால் தடிமன் பிடிக்கும் என்று மறித்த நாட்கள். அதற்கு மருந்து கண்டிப்பு இல்லை. தாயின் அனுமதியோடு கிளினிக் டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதினோம்: எந்த நிலையில் அனுப்பலாம், எந்த நிலையில் அனுப்பக் கூடாது, விளையாடலாமா, எந்த அறிகுறி வந்தால் உடனே சொல்ல வேண்டும். பதில் ஒரு பக்கத்தில் வந்தது. விளையாடலாம், மழைக்குப் பயப்படத் தேவையில்லை என்று அதில் இருந்தது. ஒரு பிரதி தாயிடம், ஒன்று வகுப்பாசிரியரிடம், ஒன்று அலுவலகத்தில். அந்தத் தாளுக்குப் பிறகு மழை நாட்களில் பிள்ளை குடையோடு வந்தான்.

அடுத்த ஆண்டு

தரம் 8இல் நோய் மறுபடியும் திரும்பியது. வாட்டில் நின்றான், வீட்டிலும் நின்றான். வரவு 80ஐத் தாண்டியது, ஆனால் நிறையத் தாண்டவில்லை. மாறியது வேறு. முகத்துக்கு வெட்கப்பட்டு நின்ற நாட்கள் குறைந்தன. கொப்பிக்குப் பயந்து நின்ற நாட்கள் இல்லாமலே போயின. கிளினிக் நாட்களில் பாதிக்கு மேல் அரைநாளாவது வகுப்பில் இருந்தான். கணிதம் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. தமிழிலும் விஞ்ஞானத்திலும் வகுப்போடு சேர்ந்துவிட்டான். தாய் மூன்று தவணையிலும் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார், ஏனென்றால் கூட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றியிருந்தோம்.

ஒரு நாள் அவர் சொன்னார்: "இவன் வராத நாளெல்லாம் உங்கட இடாப்பில கிடந்தது ரீச்சர். நான் என்ன செய்தனான் எண்டு என்ர கொப்பியில கிடந்தது. ரெண்டையும் ஒருத்தரும் சேத்துப் பாக்கேல்ல."

இந்த ஆய்வை வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பும்போது இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்திருக்கிறோம். நீண்டகால நோய்க்காகக் கிளினிக் கொப்பி வைத்திருக்கும் பிள்ளைகளின் சான்றுள்ள நாட்களை இடாப்பிலேயே தனிக் குறியால் பதிய அனுமதி வேண்டும். தரம் 6 முதல் 11 வரை 80 சதவீதத்தைப் பாடசாலைகள் தாங்களாகத் தகுதி அளவாக வைப்பதை மீள்பரிசீலனை செய்ய வேண்டும். உயர்தர நிபந்தனையைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளை இன்னும் நான்கு ஆண்டுகளில் அந்த வகுப்பில் இருப்பான்.